ஞானையாவின் வெள்ளிக்கிழமை

ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்ற பிறகுதான் அந்த அணிக்கு ரசிகர்கள் அதிகமானார்கள். ஜெயிக்கிற அணியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் லாரி ஒர்க்‌ஷாப் கேம்ப்பின் மெஸ் ஹாலில் வியாழக்கிழமை சாயங்காலம் என்றால் கிரிக்கெட்தான். கேப்டன் பாலகுரு பன்னிரண்டு பெயர்களை எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டுவான். தட்டுகள் கழுவி முடிகிறவரை யார் வேண்டுமானாலும் வாதாடலாம், பெயரை அடிக்கச் சொல்லலாம், மாற்றச் சொல்லலாம். கடைசித் தட்டு கழுவி வைத்தபிறகு அந்தத் தாளில் யாரும் கை வைக்கக் கூடாது. மூன்று வருடமாக அதுதான் சட்டம்.

பன்னிரண்டு பெயர் ஏன் என்றால், முசஃபா கேம்ப் லீக்கில் ஒரு சலுகை உண்டு. பேட்டிங்குக்கு மட்டும் ஒருவனை வைத்துக்கொள்ளலாம். அவனுக்குப் பதில் ஃபீல்டிங் செய்ய வேறொருவன். லாரி ஒர்க்‌ஷாப் அணியில் பேட்டிங்குக்கு மட்டும் என்று வைத்திருந்த ஆள் உடையப்பன். சிவகங்கைப் பக்கம். வயது இருபத்தாறு. ஓடினால் முட்டி வலிக்கும் என்பான். ஐந்து ஆட்டத்தில் அவன் எடுத்த ரன் மொத்தம் ஒன்பது.

"அடிக்கிறதுக்குன்னே ஒரு ஆள வச்சிருக்கோம். அவனுக்கு அத மட்டுந்தான் செய்ய வரல" என்றார் மெஸ் சமையல்காரர் நாகலிங்கம். ஹாலே சிரித்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பேட் கனம் என்றார் ஒருவர். டென்னிஸ் பந்தில் டேப்பை இறுக்கிச் சுற்றுகிறார்கள், அதனால் பந்து சறுக்கிக்கொண்டு வருகிறது என்றார் இன்னொருவர். நாலாவது வாரம் அவனை ஓப்பனிங்கிலிருந்து எடுத்து ஐந்தாவதாக அனுப்பிப் பார்த்தார்கள். முறை வருவதற்குள் வயிற்றுவலி என்று ரூமுக்குப் போய்விட்டான். அதை நாகலிங்கம் இன்னும் மறக்கவில்லை.

அத்தனை பேருக்கும் பதில் சொன்னவர் ஒருவர்தான். ஞானையா. மணப்பாட்டுக்காரர், டயர் செக்‌ஷனில் ஒன்பது வருடம். அதிகம் பேசாத மனிதர், உடையப்பன் பெயர் வந்தால் மட்டும் தட்டோடு எழுந்து நிற்பார்.

"எடது முழங்கை கொஞ்சம் எறங்குது. அத சரிபண்ணிட்டாம்னா அவன நிறுத்த முடியாது. வயித்துவலியும் நெசம்தான். மனசு ஒடஞ்சா வயிறுதாம்ல மொதல்ல வலிக்கும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், உடையப்பன் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட ஞானையா பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. டயர் செக்‌ஷனில் வெள்ளிக்கிழமையும் டூட்டி உண்டு. அவரோடு டயர் வேலை பார்க்கும் உடையப்பனுக்கு ஆஃப் திங்கட்கிழமை. ஞானையாவுக்கு ஆஃப் வெள்ளி. லீக் நடப்பதோ வெள்ளி காலையில். சீசன் தொடங்கியபோது உடையப்பன் வந்து கேட்டான். ஃபோர்மேனிடம் சொல்லி ஞானையா தன் வெள்ளியை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் திங்களை எடுத்துக்கொண்டார். ஷெட்டுக்குப் பின்னால் சாயங்காலப் பயிற்சியில் அவன் அடித்த பந்துகள் காம்பவுண்டைத் தாண்டிப் போனதை மட்டும் பார்த்திருக்கிறார். அது போதுமாக இருந்தது.

அவர் கொடுத்தது வெறும் ஓய்வுநாள் இல்லை. அபுதாபி நகரத்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை வெள்ளிக்கிழமை மட்டும்தான். கேம்ப்பிலிருந்து அங்கே பஸ் விடுவதும் வெள்ளிக்கிழமைதான். தங்கை அருள்செல்வி நகரத்தில் நர்ஸ். அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்வது பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் அந்த அரைமணி நேரம். ஐந்து வாரமாக அதுவும் இல்லை.

இந்த வாரம் அருள்செல்வி போனில் சொல்லியிருந்தாள். ஓமானில், சலாலாவில் வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை விமானம். "வெள்ளிக்கெழம பூசைக்கு வந்திருவல்லாண்ணே? பொறவு எப்ப பாக்கப்போறோமோ."

வருகிறேன் என்று சொல்லி வைத்தார். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் தட்டு கழுவும் இடத்தில் உடையப்பன் பக்கத்தில் வந்து நின்றான். இன்னும் இரண்டே ஆட்டம், ஒன்றிலாவது ஜெயித்தால்தான் அடுத்த சீசனில் கேம்ப்புக்கு இடம், இந்த வாரம் பேர் எடுக்காவிட்டால் தன் பெயரைத் தாளிலிருந்து அடித்துவிடுவார்கள் என்றான். தங்கை விஷயம் தெரியும், இந்த வெள்ளியையும் கேட்கவே கூசுகிறது என்றும் சொன்னான். கண் கலங்கியிருந்தது.

ஞானையா கடைசித் தட்டைக் கழுவி வைத்தார். உடையப்பன் பெயர் ஓப்பனிங்கிலேயே இருந்தது.

வெள்ளி காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல நாகலிங்கத்திடமிருந்து போன். தோற்றாகிவிட்டது. உம்ம ஆள் இரண்டாவது பந்திலேயே போல்ட். பேட்டைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

லாரிச் சக்கரத்தின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்த ஞானையா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவனைத் திட்டாதீர்கள், தனியாக விடுங்கள் என்றார். அடுத்த வாரம் அடிப்பான் பாரும் என்றார்.

ஒன்பது மணிக்கு ஒரு பஞ்சர் அழைப்பு. ஒரு டிரெய்லர் நாலைந்து பிளாக் தள்ளி, சாரம் கட்டும் கம்பெனியின் கேம்ப் ஓரமாக நிற்கிறது. சர்வீஸ் வேனை ஓட்டிய சுஐபும் ஞானையாவுமாகப் போனார்கள். டயரைக் கழற்றி மாற்றியாயிற்று. சுஐபு போல்ட் இறுக்க உட்கார்ந்தான். வெயில் ஏறியிருந்தது. வேலை உடுப்பான கவராலின் மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, தண்ணீர் வாங்கலாம் என்று ஞானையா எதிரே இருந்த மைதானத்துப் பக்கம் நடந்தார். அங்கேயும் ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் விசில் அடித்தது.

தண்ணீர் பாட்டில் விற்றவன் தமிழன். பாட்டிலைக் கொடுக்கும்போதே, "நில்லுங்கண்ணே, இந்த ஓவர பாத்துட்டுப் போங்க. நாப்பத்தஞ்சுல நிக்கிறான்" என்றான்.

பந்து வந்தது. பேட் சுழன்றது. பந்து மேலே போய், வெயிலில் காணாமல் போய், ஞானையாவின் காலடியில் மணலில் வந்து விழுந்தது.

குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது பேட்ஸ்மேனைப் பார்த்தார். இடது முழங்கை இறங்கவே இல்லை. உடையப்பன்.

முதலில் அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அடித்துவிட்டானே என்று. அது எத்தனை நொடி இருந்திருக்கும்? பாட்டில் விற்றவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"எங்க ஆளு இல்லண்ணே அவன். லாரி ஒர்க்‌ஷாப் கேம்ப். காலைல அங்க போயி வெரசா அவுட்டாயிட்டு எட்டு மணிக்கு இங்க வந்துருவான். அஞ்சாறு வாரமா இதான் நடக்குது."

"அங்க யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்காம இருப்பானுகளா? ஆனா அங்க ஒரு டயர்க்காரரு இருக்காராம். ஆட்டத்த கண்ணால பாத்ததே இல்லயாம். யாரு கொற சொன்னாலும் இவனுக்காக மல்லுக்கு நிப்பாராம். முழங்கை எறங்குது, சரி பண்ணிட்டா நிறுத்த முடியாதுன்னு..." அவனுக்குச் சிரிப்பில் பேச்சு நின்றது. "இவன் அவரு மாதிரியே பேசிக் காட்டுவாண்ணே. நீங்க கேக்கணும், வயிறு வலிச்சிரும்."

பந்தைக் கேட்டு ஃபீல்டர் ஓடி வந்தான். அவன் ஓடிய திசையைப் பார்த்த உடையப்பன் அப்போதுதான் ஞானையாவைக் கண்டான். பேட் கீழே இறங்கியது. இரண்டு பேருக்கும் நடுவே அறுபது எழுபது கஜம் மணல். ஞானையா பந்தை ஃபீல்டரின் கையில் வைத்தார்.

இனி அவனால் ஆட முடியாது, அடுத்த பந்தில் அவுட்டாகிவிடுவான் என்று நினைத்தார். அடுத்த பந்தையும் உடையப்பன் தூக்கித்தான் அடித்தான்.

தண்ணீர் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு ஞானையா வேனுக்குத் திரும்பினார். யார் ஜெயிக்கிறார்கள் என்று சுஐபு கேட்டான். தெரியவில்லை என்றார்.

மதியம் அருள்செல்வி போன் செய்தாள். பதினொன்றரை வரை கோயில் வாசலில் நின்றாளாம். ஆஸ்பத்திரி பஸ் புறப்பட்டுவிட்டதால் போகவேண்டியதாயிற்று. அவருக்காக வாங்கிய சட்டையைக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். வரவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டூட்டி அதிகமா அண்ணே என்று மட்டும் கேட்டாள். ஆமா என்றார். அது ஒன்றுதான் அன்று அவர் சொன்ன பொய்.

சாயங்காலம் உடையப்பன் ரூமுக்கு வந்தான். மற்ற மூவரும் வெளியே போயிருந்தார்கள். கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான். இங்கே கான்ட்ராக்ட் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள் என்று ஆபீஸில் பேச்சு. சாரக் கம்பெனியின் கேம்ப்பை நிர்வகிக்கும் பாஸ் ஒரு கிரிக்கெட் பைத்தியம். கோப்பை ஜெயித்துக் கொடுத்தால் ஸ்டோரில் வேலையும் விசாவும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளி அங்கே ஃபைனல். அந்த ஒரு வெள்ளி மட்டும் வேண்டும்.

ஞானையா கேட்டார். "எங்கிட்ட சொல்லிருக்கலாம்லால?"

"சொல்லியிருந்தா வெள்ளிக்கெழமைய குடுத்திருப்பீங்களாண்ணே?"

"குடுத்திருப்பேன்."

உடையப்பன் தலையைத் தொங்கப்போட்டான். அவர் கொடுத்திருப்பார் என்று அவனுக்கும் தெரியும்.

"என்ன மாதிரி பேசிக் காட்டுவியாமே" என்றார் ஞானையா. "இப்ப பேசு. கேப்போம்."

அவன் வெளியே போனான்.

அந்த வாரம் முழுக்க ஞானையாவின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் இருந்தது. மெஸ் ஹாலில் ஒரே ஒரு முறை சொன்னால் போதும். ராத்திரிக்குள் ஆபீஸுக்குப் போய்விடும். வேறு கம்பெனிக்குத் தாவப் பார்க்கிறவனை விசா கேன்சல் செய்து ஊருக்கு அனுப்ப இரண்டு நாள் ஆகாது. டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல, அதில் உடையப்பனைவிடத் தானே கேலிக்கிடமாகத் தெரிந்தார். ஐந்து வாரமாகத் தட்டோடு எழுந்து நின்ற மனிதர்.

வியாழக்கிழமை வந்தது. பாலகுரு தாளை ஒட்டினான். கடைசி ஆட்டம். ஓப்பனிங்கில் உடையப்பன்.

எல்லோரும் நாகலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் கரண்டியை வைத்துவிட்டு, இந்த ஒரு தடவை நான் எதுவும் சொல்லப்போவதில்லை என்றார். ஒரு மனிதன் இத்தனை வாரம் தோற்றுத் தோற்றும் ஒருத்தனை விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். "ஞானையா அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். அவனே ஆடட்டும்."

சிலர் கை தட்டினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த உடையப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

ஞானையா எழுந்தார். கையில் தட்டு இல்லை.

"நாளைக்கு எனக்கு என் வெள்ளிக்கெழம வேணும். ஃபோர்மேன்ட்ட சொல்லிட்டேன். உடையப்பனுக்கு டூட்டி."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பாலகுரு எழுந்து வந்து, ஒரே ஒரு வாரம்தானே அண்ணே என்று கெஞ்சினான். பிறகு கெஞ்சலும் நின்றது. தங்கைதான் சலாலாவுக்குப் போய்விட்டாளே, இப்போது கோயிலில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். கடைசி நேரத்தில் காலை வாருகிறார் என்றார் இன்னொருவர். இவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவரும் இவரே, கவிழ்ப்பவரும் இவரே. நாகலிங்கம் மட்டும் கத்தவில்லை. "உம்ம நம்பிப் பேசுனேன் பாத்தீரா, என்னச் சொல்லணும்" என்றார்.

ஞானையா தன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். பாலகுரு பென்சிலால் உடையப்பன் பெயரை அடித்தான்.

தட்டு கழுவும் இடத்தில் உடையப்பன் அவருக்குப் பின்னால் வந்து நின்றான். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டோர் வேல போச்சுண்ணே" என்றான் மெதுவாக. "ஆனா நீங்க அவுககிட்ட சொல்லல. அதுக்கு..."

"ஒனக்காவ சொல்லாம இருக்கல" என்றார் ஞானையா. "எனக்கு வெக்கமா இருக்குல."

மறுநாள் காலை கோயில் பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கேம்ப்பிலிருந்து ஏறிய இரண்டு பேரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். மைதானத்தைத் தாண்டும்போது வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. எட்டு மணிக்கு ஞானையா போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்தது. எட்டரை ஆயிற்று. நாகலிங்கத்தின் போன் வரவில்லை.