நாளைய பாதையில் ஐந்து எலிகள்

"மார்ச் 9. இன்று ஒரு சிறு தவறு. எலிகள் ஓடிய பாதைகளைச் சுத்தப் பிரதியில் ஒரு வரி கீழே தள்ளி எழுதிவிட்டேன். நாளை திருத்துகிறேன்."

ஐந்து எலிகள் மறுநாள் ஓட வேண்டிய பாதையை முதல் நாளே ஓடிவிடுகின்றன என்ற விஷயம் இப்படித்தான் வெளியே வந்தது. எழுதியவள் ஆய்வுக்கூட உதவியாளர். மாலை வகுப்பில் படிப்பவள். தினமும் காலையில் ஆறு முறை காசைச் சுண்டுவாள். பூ விழுந்தால் இடது, தலை விழுந்தால் வலது. எலிகள் ஓடும் மரப்பெட்டியின் ஆறு திருப்பங்களிலும் அந்தப் பக்கம் மட்டும் திறந்திருக்கும்படி பலகை செருகி, ஒவ்வொரு திருப்பத்திலும் எலி முதலில் மூக்கை நீட்டும் பக்கத்தைக் குறித்துக்கொள்வாள். வெறும் தண்ணீர் குடித்த ஐந்து எலிகள் எப்படியோ தட்டுத்தடுமாறித் தானியத்தை எட்டின. ஓடையோர மூலிகை ஒன்றின் சாற்றைக் குடித்த ஐந்தும் பலகையில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. சாறு மூளையை மழுக்குகிறது என்று பேராசிரியர் பாதிக் கட்டுரையை எழுதி வைத்திருந்தார்.

திருத்தப் போனவள், எட்டாம் தேதி எலிகள் மூக்கை நீட்டிய பக்கங்களும் ஒன்பதாம் தேதி காசு விழுந்த பக்கங்களும் அச்சு அசலாக ஒன்றாயிருப்பதைக் கண்டாள். முதலில் தன் கையெழுத்தைச் சந்தேகப்பட்டாள், பிறகு காசை. கூண்டு கழுவும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சுண்டிப் பார்த்தார். பேராசிரியர் நாற்காலிமேல் ஏறி நின்று சுண்டினார். எலிகள் முந்தின நாள் சொன்னபடிதான் விழுந்தது. பேராசிரியர் இறங்கி, நாற்காலியைத் துடைத்துவிட்டு, கட்டுரையின் தலைப்பை மட்டும் கோடிட்டு அடித்தார்.

சோதனை தொடங்கிய இருபத்தெட்டாம் நாள் பத்து எலிகளின் மூளையையும் எடுத்துச் சீவிப் பார்ப்பது திட்டம். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் எலி அவள் மணிக்கட்டில் தலையைச் சாய்த்துத்தான் சாறு குடிக்கும். ஒரு வாரமாவது தள்ளிப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாளைக்கு ஓடுறதை இன்னைக்கே ஓடுது. இதோட மூளைய பார்க்காம வேற எதோட மூளையம்மா பார்க்கிறது?" என்றார் பேராசிரியர்.

கூண்டு கழுவும் அண்ணன் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இருபத்தேழாம் நாள் தெரிஞ்சுடும் தங்கச்சி. நாளைன்னு ஒண்ணு இல்லேன்னா அதுங்க ஓடாது. உட்கார்ந்துடும்" என்றார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமும் போயிற்று.

இருபத்தேழாம் நாள் நான்காம் எலியை முதலில் விட்டார்கள். அது உட்கார்ந்தது. முகம் கழுவியது. காதைச் சொறிந்தது. பேராசிரியர் கத்திப் பெட்டியைத் திறந்து, நாளைக்குப் பஞ்சு போதுமா என்று கேட்டார். அவள் 'அசைவில்லை' என்று எழுதத் தொடங்கி, பென்சில் முனையை உடைத்துக்கொண்டாள். எலி எழுந்து, அவசரமே இல்லாமல், இடது பக்கம் மூக்கை நீட்டியது. பிறகு வலது. ஆறு திருப்பங்களையும் முடித்தது. மற்ற நான்கும் அதையே செய்தன.

"நாளைக்கும் இருக்கா?"

"இருக்கு சார்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்று முணுமுணுத்தபடி பேராசிரியர் கத்திப் பெட்டியை மூடினார்.

மறுநாளும் ஓடின. அதற்கடுத்த நாளும். எலிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம் என்பார்கள். இப்போது பதினோரு வருடமாகிறது. பேராசிரியர் தினமும் மாலையில் வந்து 'நாளைக்கும் இருக்கா' என்று கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே என்று தண்ணீர் குடித்த ஐந்தையும் விட்டுவைத்தார்கள்; எதற்காகத் தப்பித்தோம் என்று தெரியாமலே அவை இன்றும் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கின்றன. படிப்பை முடித்த உதவியாளர் அதே அறைக்குப் பொறுப்பாளராகிவிட்டாள். காசு சுண்டுவதை நிறுத்தி வெகுநாளாயிற்று. எலிகளைப் பார்த்து எழுதிக்கொள்கிறாள், வேலை மிச்சம்.

நேற்று எழுதியது இது: "நாளை: இடது, இடது, வலது, இடது, வலது, வலது. மூன்றாம் பலகை இறுகியிருக்கிறது. மெழுகு தடவ வேண்டும்."