கணக்கில் சேராத மழை

ஜீப்பிலிருந்து அய்யனாரை இறக்கும்போது, அவர் தலைக்கடியில் மடித்து வைத்திருந்த சால்வையைத்தான் அவர் மனைவி தங்கமணி முதலில் பார்த்தாள். ஊதா நிறத்தில் சிறு பூப்போட்ட பொம்பளைச் சால்வை. உடம்பைப் பெஞ்சில் கிடத்தி முடிப்பதற்குள் அதை உருவி மூலையில் எறிந்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து இறங்கிய ஆண்டாள் இதைப் பார்த்தாள். வாசல் தூணோரம் போய் நின்றுகொண்டாள்.

அய்யனார் கள்ளக்குறிச்சியில் கல்லூரிக் கணக்கு வாத்தியார்; வீடு வடக்கனந்தலில். கல்வராயன் மலையில் எந்தப் பள்ளத்தில் எவ்வளவு மழை பெய்கிறது என்று வரைபடம் போடும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவந்தார். அதில் அவருக்கு உதவியாக இருந்தவள் ஆண்டாள். கல்யாணம் ஆகாதவள். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போய்விடுவார்கள். "மலைல சாமச்சோறு சாப்ட்டேன், அவ்ளோ ருசி" என்பார் திரும்பி வந்து. ஆக்கிப் போட்டது யார் என்று தங்கமணி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அந்தப் பேர் வந்துவிடும். இன்று மலைப்பாதை வளைவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

"யாரு தங்கமணி அந்தப் பொண்ணு? கண்ணு வீங்கிப் போயி நிக்கிது" என்றாள் நாத்தனார் லட்சுமியம்மாள்.

"அவுரு கூட வேல செய்றவங்க அண்ணி."

"வந்ததுலேர்ந்து நின்னுக்கினே இருக்குது. உள்ள வந்து குந்தச் சொல்லேன்."

லட்சுமியம்மாளே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து பாயில் உட்கார வைத்தாள்.

"அக்கா..." என்றாள் ஆண்டாள்.

அக்காவாம். தங்கமணி கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "கடைசியா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலீங்க்கா. டிரைவர வளைவுல மெதுவாப் போவச் சொன்னாரு. அவ்ளோதான்."

பொய்யாக ஏதாவது சொல்லியிருந்தால் அவளை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அய்யனார் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

வடக்கனந்தல் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். மலைக்கும் மழைக்குமே வாழ்ந்த மனுஷன் என்று ஒருத்தி ராகம் போட்டாள். தங்கமணிக்குச் சுருக்கென்றது. அழுகையை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மலைல மட்டுமா மழ அளந்தாரு? இந்த வூட்டு மாடிலயும் ஒரு மழைமானி இருக்குது. தெனம் காபி போடறதுக்கு முன்னாடி நான்தான் ஏறிப்போயி அளப்பேன். அவுரு ஊர்ல இல்லன்னாலும் போன் பண்ணி எவ்ளோன்னு கேப்பாரு. என் அளவு இல்லாம இவுங்க மேப்பு ஏது?"

கடைசி வார்த்தைகளை ஆண்டாளைப் பார்த்துச் சொன்னாள்.

ஆண்டாள் தலை குனிந்தபடி, "உங்க அளவ சார் மேப்புல சேக்க மாட்டாருங்க்கா" என்றாள்.

அடைமழையில் வழுக்கும் படியில் ஏறிய காலைகள், காய்ச்சலோடு குடை பிடித்துப் போனது, பிறந்த வீட்டுக்குப் போனால்கூட ஒரு ராத்திரிக்கு மேல் தங்காமல் திரும்பியது எல்லாம் தங்கமணிக்கு ஒன்றாய் நினைவுக்கு வந்தன.

"இன்னா சொல்ற நீ?"

"தப்பா நெனைக்காதீங்க்கா. மலைல அங்கொண்ணு இங்கொண்ணுதான் மழைமானி இருக்குது. நடுவுல இருக்கற எடத்துல எவ்ளோ பேஞ்சிதுன்னு யாருக்கும் தெரியாது. சுத்தி இருக்கற அளவுங்கள வெச்சிக் கணக்குப் போட்டுத்தான் சொல்லணும். கிட்ட இருக்கறதுக்கு மதிப்பு ஜாஸ்தி, தூரத்துல இருக்கறதுக்குக் கம்மி. மேடு பள்ளத்தயும் சேத்துக்கணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போட்ட கணக்கு சரியான்னு எப்பிடித் தெரியும்? அளந்த எடத்துல ஒண்ண வெளில எடுத்து வெச்சிருவோம். மத்ததுங்கள வெச்சி அங்க எவ்ளோ பேஞ்சிருக்கும்னு கணக்குல கண்டுபுடிப்போம். அப்பறம் நெஜமா அளந்ததோட ஒத்துப் பாப்போம். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் மேப்ப நம்பலாம். சார் எப்பவும் உங்க வூட்டத்தான் வெளில வெப்பாரு."

"ஏன், என்னுது மட்டும்?"

"நானும் கேட்டேன். நான் அளக்கற எடத்த வெச்சிப் பாக்கலாமே சார்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. 'ஒத்துப் பாக்கற அளவு தப்பா இருக்கக்கூடாது. தங்கமணி அளந்தா தப்பாவாது. உன்னுது தப்பாவலாம்'னாரு." ஆண்டாளின் குரல் இறங்கியது. "எத்தினியோ தடவ கேட்டேங்க்கா. ஒருதரம்கூட ஒத்துக்கல."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று தங்கமணிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீப் சத்தம் தெருமுனையில் தேயும்போது அவளுக்குள் கிடந்து அறுப்பதுதான் அது. இவளுக்குமா?

மனசு குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு நொடி குளிரவும் செய்தது. அடுத்த நொடியே எரிந்தது. வெளியூர் போனால்கூடப் போனில் "எவ்ளோ?" என்று கேட்டு, "சரி" என்று வைத்துவிடுகிற மனுஷன். அந்த ஒரு வார்த்தையைத் தன்னிடம் சொல்லவில்லை. போயும் போயும் இவளிடம் சொல்லியிருக்கிறார். இவள் வாயால் கேட்கும்படி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியே அவள் அண்ணன் சின்னராசு, நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். பெண்கள் வாய்க்கரிசி போட எழுந்தார்கள். லட்சுமியம்மாள் முறத்தில் அரிசியை ஏந்தி நின்றாள். ஒவ்வொருத்தியாய்ப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஆண்டாள் எழுந்து, சுவரோரம் ஒதுங்கினாள்.

"அந்தப் பொண்ணு?" என்று லட்சுமியம்மாள் மெல்லக் கேட்டாள்.

எல்லோரும் தங்கமணியைப் பார்த்தார்கள்.

"போடட்டும் அண்ணி."

ஆண்டாள் வந்தாள். விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து, போட்டுவிட்டு விலகிக்கொண்டாள்.

கடைசியாகத் தங்கமணி முறத்தில் கைவிட்டாள். மூடிய விரல்கள் வெளுக்கும் வரை அள்ளினாள். அய்யனாரின் வாய் கொள்ளாமல் அரிசி கன்னத்தில் வழிந்து, கழுத்தில் இறங்கி, கோடித்துணி மேலெல்லாம் சிதறியது. துடைத்துவிடப் போன நாத்தனாரின் கையை அவள் தடுத்தாள்.