பறக்கும் பெண்ணின் இரண்டாவது உடை

தூரோவின் இடுப்பைச் சுற்றி அளவுநாடாவைக் கொண்டுவரும்போது லூமிங்கின் முழங்கை சவப்பெட்டியின் விளிம்பில் இடித்தது. பெட்டிமேல் இருந்த மெழுகுவர்த்தி ஆடி நின்றது.

"மெதுவா அண்ணி," என்றான் தூரோ.

"கைய மேல தூக்கு."

தூக்கிய கைக்கு இடமில்லை. அது சுவரிலிருந்த மாதா படத்தில் போய் முட்டியது. முன்னறை முழுவதையும் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கால்மாட்டில் தையல் மெஷின், தலைமாட்டில் படக் கம்பெனி அனுப்பிய மலர்வளையம். நடுவே கண்ணாடிக்குக் கீழே அவள் கணவன் செலோ, கல்யாணத்துக்குத் தைத்த பாரோங் சட்டையில் படுத்திருந்தான். சட்டை இப்போது அவனுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அவனுடைய தம்பிக்குத்தான் அவள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொண்ணு," என்றாள்.

"அண்ணனுக்கு?"

"இருபத்தொம்பது."

"அப்ப கொஞ்சம் பிரிச்சு விட்டாப் போதும்ல?"

அவள் நாடாவைச் சுருட்டினாள். வெளியே சந்தின் குறுக்கே கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே துக்கத்துக்கு வந்தவர்களின் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஜெயித்த சத்தம். "துக்க வீட்ல கொஞ்சம் அடக்கி வாசிங்கடா, தோத்தவங்க அழட்டும், அது பொருத்தமா இருக்கும்," என்று பக்கத்து வீட்டுப் பாசிங் அக்கா அதட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

செலோ சண்டைக்காட்சிகளில் ஆள்மாற்றாக விழுந்து எழுகிறவன். மெலிந்த உடம்பு என்பதால் பெரும்பாலும் நடிகைகளுக்குப் பதிலாக விழுந்தான். படக்கதைப் புத்தகத்தில் வாராவாரம் வந்துகொண்டிருந்த பறக்கும் பெண்ணைப் படமாக எடுக்கப்போகிறார்கள் என்றதும் அந்த வேலை அவனுக்கே வந்தது. உடை தைக்கும் வேலை லூமிங்குக்கு. டைரக்டர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து, "ஒரு கோடு மாறக்கூடாது. மாறுச்சுன்னா ஜனங்க கொட்டகையக் கொளுத்திடுவாங்க," என்றார்.

வரைந்தவருக்கு என்ன கவலை? சிவப்பு மேலுடை, சிவப்பு அரைக்கால் உடை, நடுவில் வெறும் வயிறு. தோளில் கிடக்கும் மேலங்கி யாரும் பிடிக்காமலே காற்றில் நிற்கிறது. ஒரு தையல் கிடையாது, ஒரு ஊக்கு கிடையாது. ஆனால் நிஜமாகத் தொங்குகிறவனுக்கு இடுப்பில் தோல்வார் வேண்டும், வாரில் கொக்கி வேண்டும், கொக்கியில் கம்பி வேண்டும். வெறும் வயிற்றில் இதையெல்லாம் எங்கே ஒளிப்பது? லூமிங் மெல்லிய துணியைக் காப்பித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து, நடிகையின் தோல் நிறம் வந்த பிறகு அதை வாருக்கு மேல் வயிறாகத் தைத்தாள். கொக்கிகளின் மேல் தங்க நிறத்தில் ஓர் இடைப்பட்டி. புத்தகத்துச் சிவப்பு படத்தில் கறுத்துத் தெரிந்தது, அதனால் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பில் துணி தேடினாள். மேலங்கியின் ஓரத்தில் பிரம்பைச் சீவிச் செருகினாள்.

உடை பொருந்திய அன்று செலோ பொய்முடியும் வைத்துக்கொண்டு சந்து முழுக்க நடந்து காட்டினான். "லூமிங், உன் புருஷன் உன்னைவிட அழகுடி. ஜாக்கிரதையா வச்சுக்க," என்றாள் பாசிங் அக்கா. மகள் லிகாயா கைதட்டினாள். லூமிங்குக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

உடையில் இரண்டு ஜோடி தைத்திருந்தாள். ஒன்று, பாரந்தூக்கியின் கம்பி அறுந்து செலோ கிட்டங்கிக் கூரைமேல் விழுந்த அன்று அவன் உடம்பில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள். இன்னொன்று வீட்டிலேயே, மெஷினுக்கு மேல் ஆணியில் தொங்கியது.

அதற்காகத்தான் இன்று காலை கம்பெனி நிர்வாகி மாத்தியாஸ் வந்திருந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். உட்கார்ந்தார். ஒரு கோப்பைக் காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"இதப் பாரும்மா லூமிங். எனக்குக் கேக்கவே வாய் வரல. கடைசிக் காட்சி மட்டும்தான் பாக்கி. புதுசா தைக்கவும் நேரமில்ல."

"எடுத்துட்டுப் போங்க அண்ணே."

"அது இல்லம்மா. ஆளுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் சரி பண்ணிக் குடுக்கணும்."

"யாரு ஆளு?"

மாத்தியாஸ் தூரோவைப் பார்த்தார். தூரோ காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பின்கட்டில் லூமிங் அவனைப் பிடித்துக்கொண்டாள். "பெட்டி இன்னும் மூடல தூரோ."

"நானா போய்க் கேக்கல. அவரே கேட்டாரு."

"முடியாதுன்னு சொல்றதுக்கு என்ன?"

"விடியறதுக்கு முன்னாடி மீன் சந்தைக்குப் போறேன் அண்ணி. ராத்திரி படுத்தாலும் உடம்புல அந்த நாத்தம் போகமாட்டேங்குது. சாகுற வரைக்கும் கூடை தூக்கணுமா? அண்ணனும் முதல்ல கூடை தூக்கினவர்தானே?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவரு மேல பறந்தப்ப நான் கீழ நின்னு பாத்தேன். அத நீங்க பாக்கல."

லூமிங் பார்த்ததில்லைதான். படப்பிடிப்புக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. தைத்துக் கொடுப்பாள், அழுக்காகத் திரும்பி வரும், துவைப்பாள்.

மதியம் மெஷின் முன் உட்கார்ந்தாள். துக்க வீட்டில் சில காரியங்கள் ஆகாது. பெருக்கக்கூடாது, வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பக்கூடாது, கண்ணீர் கண்ணாடிமேல் விழக்கூடாது. தைக்கலாமா கூடாதா என்பது மட்டும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி ஜெபித்தார்கள். வெயில் தகரக் கூரை வழியாக இறங்கியது. நாற்காலியைப் பின்னால் தள்ள முடியவில்லை, பின்னால் பெட்டி. முன்னால் சுவர். மிதியில் கால் அழுத்தியபோது பெட்டியின் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே விட்டுவைத்திருந்த துணி ஒரு விரலளவு இருந்தது. முப்பத்தொன்றுக்கு அது தாராளம். ஊசி பழைய கோட்டுக்கு வெளியே இறங்க வேண்டும். அவள் அதை உள்ளே வைத்தாள். இருபுறமும் உள்ளுக்குள்ளேயே ஓட்டி முடித்தாள். கத்தரிக்கோலை எடுத்து, தையலை ஒட்டி மிச்சத் துணியை வெட்டினாள். இனி யாராலும் அதைப் பிரித்து விட முடியாது. நறுக்கிய துண்டுகளைப் பெருக்கக்கூடாது என்பதால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டாள்.

மாலையில் மாத்தியாஸ் திரும்பி வந்தார். தூரோ திரைக்குப் பின்னால் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்னப்பா, புதுப் பொண்ணு மாதிரி வெக்கப்படற?" என்றார் மாத்தியாஸ்.

தூரோ இடுப்பில் துண்டோடு வந்தான். உடை கையில் இருந்தது. "தொடைக்கு மேல ஏறல."

மாத்தியாஸ் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். "அளவு தப்பிடுச்சாம்மா?"

"கை ஓடல அண்ணே."

"பின்ன எப்படி ஓடும், பாவம்." உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். வெட்டியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உடையை நான்காக மடித்து ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றினார். "பரவால்ல. பம்பாங்காவுலேர்ந்து ஒரு பையன் வந்திருக்கான், எலும்பும் தோலுமா. அவனுக்கு இது அச்சா பொருந்தும்."

லூமிங் எழுந்துவிட்டாள். "யாரு அது?"

"புதுசு. உனக்குத் தெரியாது."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"யாருக்கு, அவனுக்கா?" மாத்தியாஸ் குழம்பினார். "அத யாரும்மா கேட்டா?"

"அண்ணே, அதக் குடுங்க. நான் திரும்பத் தச்சுத் தரேன்."

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்? காலைல ஷூட்டிங்."

"கம்பிய மாத்தினாங்களா?"

"மாத்திட்டாங்க, மாத்திட்டாங்க," என்று அவர் படியிறங்கினார்.

அவள் வாசல்வரை ஓடினாள். நிலைப்படியில் பாசிங் அக்கா குறுக்கே கையை நீட்டினாள். "தாண்டாத லூமிங். வந்தவங்க பின்னாடி நீ போகக்கூடாது." லூமிங் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட்டாட்ட மேஜைகளுக்கு நடுவே, பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, வழி கேட்டுக் கேட்டு மாத்தியாஸ் போய்க்கொண்டிருந்தார்.

திரும்பியபோது தூரோ கால்சட்டை மாட்டிக்கொண்டு பெட்டியருகே நின்றிருந்தான்.

"என்ன அளவு எடுத்தீங்க?"

"முப்பத்தொண்ணு."

"நீங்க தச்சு இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பானதில்ல."

அவள் கை பாவாடை மடிப்பிலிருந்த துணித் துண்டுகளை மூடிக்கொண்டது.

"அண்ணனுக்கு மட்டும் சரியாத் தச்சீங்க," என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது தாங்கவில்லை போல. பின்கட்டு வழியாக வெளியேறினான்.

மறுநாள் அடக்கம். காலையில் தூரோ வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தான், ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை. கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் லூமிங்குக்கு அந்த முகம் தெரியாத பையனே மனதில் வந்தான். இந்நேரம் யார் அவனுக்குக் கொக்கி மாட்டுகிறார்கள்? மாட்டிய பிறகு இழுத்துப் பார்த்தார்களா? பாதிரியார் செலோவின் பெயரைச் சொன்னபோது அது தன் கணவன் பெயர் என்று நினைவுக்கு வரவே சற்று நேரம் பிடித்தது.

குழிக்குள் இறக்குவதற்கு முன், செத்தவர் ஆசையாகத் தேடி வராமல் இருக்க, வீட்டுக் குழந்தைகளைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கி மறுபக்கம் கொடுக்க வேண்டும். செலோவுக்கு ஒரே மகள், லிகாயா. கூட்டம் நெருக்கித் தள்ளியதில் பெட்டிக்கு அந்தப் பக்கம் தூரோவும் இந்தப் பக்கம் லூமிங்குமாக நின்றார்கள். யாரோ குழந்தையைத் தூரோவின் கையில் கொடுத்தார்கள்.

அவன் அவளைப் பெட்டிக்கு மேலே நீட்டினான். லிகாயா கீழே பார்க்காமல் அம்மாவையே பார்த்தாள். ஒரு செருப்பு கழன்று புல்லில் விழுந்தது. லூமிங் எட்டிக் குழந்தையின் விலாவைப் பிடித்தாள். தூரோவின் கைகளும் அங்கேயே இருந்தன.

"பிடிச்சுக்கிட்டீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"விடட்டுமா அண்ணி?"

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் விடவில்லை. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள்.