பூசணிக்கு மாட்டிய பேர்ச்சீட்டு

சத்தியவேட்டுப் பக்கம், முன்பு வேர்க்கடலை விளைந்த நிலத்தில் எழுந்த ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்குக் குப்பை பிரிக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவன் சுரேஷ்பாபு. நாயுடுபேட்டையில் அப்பாவின் பழைய இரும்புக் கடைக்குள் வளர்ந்தவன். உலகத்தில் குப்பை என்று எதுவும் கிடையாது, வாங்க ஆள் கிடைக்காத சரக்குதான் உண்டு என்பது அவன் கட்சி. கடவுளே எதிரில் வந்தாலும், யாரிடம் தள்ளலாம் என்று ஒரு கண்ணால் அளந்துகொண்டுதான் கும்பிடுவான்.

மீந்த சோறு, காய்த்தோல் பச்சைத் தொட்டி. காகிதம், பிளாஸ்டிக் நீலம். எண்ணெய்த் துணி சிவப்பு. கட்டிய ஒவ்வொரு பைக்கும் பொறுப்பாளர் பேர் எழுதிய சீட்டு. இந்தக் கடைசி விதியில் அவனுக்குத் தனி மோகம்.

"சீட்டு இல்லாத பை அநாதைப் பொணம் மாதிரிம்மா. எவனும் தூக்க மாட்டான்" என்பான். துப்புரவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அன்று மதியம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருவதாக இருந்தது. தேறினால், கான்ட்ராக்டில் இருக்கும் இந்தப் பெண்கள் கம்பெனி ஆட்களாவார்கள். ஒரு பை தப்பினாலும் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போகும். அவர்களுக்கு சூப்பர்வைசர் வெங்கடலட்சுமி. "இந்த நெலத்துல களை புடுங்கினவ சார் நானு. இங்கியும் வேல போச்சின்னா மெட்ராஸ் பஸ்தான்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

சிக்கல் கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. அமாவாசை. போன வாரம் பிரஸ் மெஷின் அதை ஓட்டிய துலுக்காணத்தின் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டதால், பெண்கள் அந்த மெஷினுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்திருந்தார்கள். குங்குமம் வழிந்த துண்டுகள் ஒரு பையில் கிடந்தன. சீட்டு இல்லை.

"ஏமம்மா, இது எந்தத் தொட்டி?" என்று வெங்கடலட்சுமியைக் கேட்டான்.

"எந்தத் தொட்டியும் இல்ல சார். ஷிப்ட் முடிஞ்சதும் முச்சந்தில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போய்க்கினே இருப்போம்."

"காய்தானே. பச்சையில போடு."

"துன்னற காயா இது? சுத்திப் போட்டது சார். அதுக்கு ஆளே இருக்கக் கூடாது. யாருதும் இல்லாம போவணும்."

"யாருதும் இல்லாதது இந்தக் காம்பவுண்டுல இருந்தா ஆடிட்டு புட்டுக்கும்."

"அப்ப மெஷின் பேர எழுதுங்க."

"மெஷின் வந்து கையெழுத்துப் போடுமா?"

பேசிக்கொண்டே மார்க்கரைத் திறந்தான். கொட்டை எழுத்தில் 'வெங்கடலட்சுமி' என்று எழுதிப் பையில் கட்டிவிட்டான். அவள் "வேணாம் சார்" என்றாள். அவன் கட்டிய முடிச்சை இறுக்கினான்.

முதலில் வந்தவன் துலுக்காணம். பாடம் கேட்டவர்களில் அவன்தான் கெட்டி. கட்டுப்போட்ட கையில் வாழைப்பழத் தோலோடு பச்சைத் தொட்டியைத் தாண்டி நேராக வந்தான். தோலை வெங்கடலட்சுமியின் காலடியில் வைத்தான்.

"யோவ், அங்க ஏன் போடற?" என்றான் சுரேஷ்பாபு.

"முச்சந்தில போட்டேன் சார்."

"எங்கய்யா இருக்குது முச்சந்தி?"

துலுக்காணம் அவளைக் காட்டினான். ஆளைக் காட்டுகிற மாதிரி இல்லை. இடத்தைக் காட்டுகிற மாதிரி.

அடுத்து ஒரு பெண், தலை சீவிய முடியை உருண்டையாக்கிப் போட்டாள். பிறகு வரிசை. தேநீர்க் கப், எண்ணெய்த் துணி, கறிவேப்பிலைக் காம்பு. யாரும் பேசவில்லை, யாரும் நிற்கவில்லை. அவள் சுவரோரம் நகர்ந்தாள். வரிசை வளைந்து சுவரோரம் வந்தது. கேன்டீன் நாய் அவளருகே வந்து மோந்து பார்த்துவிட்டு, நடுரோட்டில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தை விட்டு ஒதுங்குவது போல ஒதுங்கிப் போனது. உச்சி வெயிலில் அந்த இடம் மட்டும் சில்லிட்டிருந்தது.

"சார்," என்றாள் அவள் மெதுவாக. "நான் இருக்கேனா?"

சுரேஷ்பாபு சீட்டைக் கிழித்தான். வரிசை நிற்கவில்லை. கேட்டில் ஆடிட்டு ஆட்களின் வெள்ளை ஹெல்மெட்டுகள் தெரிந்தன. குப்பை அவள் கணுக்கால் வரை வந்துவிட்டது.

"கிழிச்சா போவாது சார். வேற யாராவது வாங்கிக்கணும்."

அவன் துலுக்காணத்தை மடக்கினான். "உன் விரலுக்காக ஒடச்ச காயி. நீயே வெச்சிக்கோய்யா."

"எம் பங்க நான் குடுத்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

சுரேஷ்பாபு செக்யூரிட்டியைப் பார்த்தான். பார்வை படும் முன்பே அந்த ஆள் நகர்ந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, கைவசம் சரக்கு இருந்து தள்ள ஆள் இல்லை. புதுச் சீட்டில் தன் பேரை எழுதிக் கட்டினான்.

"ஆச்சா? எம் பேருக்கே தள்ளிட்டேன்" என்றான்.

ஒரு பிளாஸ்டிக் பை வந்து அவள் பாதத்தில்தான் விழுந்தது.

"மனசோட வாங்கணும் சார்."

"மனசோடதாம்மா. உங்க வேல போனா எனக்கும் அடுத்த கம்பெனி கெடைக்காது."

"அது யாவாரம் சார்."

அவன் கீழே பார்த்தான். அவள் பாதம் குப்பைக்குள் மறைந்திருந்தது. அதை வெளியே எடுக்க அவள் முயற்சிகூடச் செய்யவில்லை.

"என்னுது" என்றான். "நான்தான் உம் பேர எழுதினேன். இது என்னுது. நீ போம்மா."

யாரோ "வெங்கடலட்சுமிக்கா, தொடப்பம் எடுங்க, வந்துட்டாங்க!" என்று கத்தினார்கள். தன் பேரைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள். பெண்கள் நிமிடத்தில் இடத்தைத் துடைத்தெடுத்தார்கள்.

ஆடிட் தேறியது. வந்தவர்களில் மூத்தவர் பூசணிப் பையின் சீட்டில் இருந்த பேரைப் படித்துத் தலையசைத்தார். எல்லாரோடும் கை குலுக்கினார். சுரேஷ்பாபு நீட்டிய கையில் தன் காலிக் கப்பை வைத்துவிட்டு நடந்தார். வெங்கடலட்சுமி மட்டும் அதைப் பார்த்தாள். அருகே வர ஒரு அடி எடுத்துவைத்தவள், அப்படியே நின்றாள்.

சாயங்காலம் நாயுடுபேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அம்மாள் கமலாப்பழம் உரித்தாள். தோலை ஒவ்வொன்றாக அவன் மடியில் போட்டாள்.

"அம்மா, நான் இருக்கேன்."

அவள் கொட்டையையும் துப்பினாள்.

கண்டக்டர் வந்தார். முன் சீட்டுக்கு டிக்கெட் கொடுத்தார், பின் சீட்டுக்குக் கொடுத்தார். காசை நீட்டிக்கொண்டு, "நாயுடுபேட்டைக்கு ஒகட்டி" என்றான் சுரேஷ்பாபு. அந்த ஒரு டிக்கெட்டை இன்னும் உரக்கக் கேட்டான். கண்டக்டர் கிழிந்துபோன டிக்கெட்டைச் சுருட்டி அவன் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.