ஏற்கெனவே பிறந்தது: ஒன்று

தங்கை கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, எரிந்ததுதான். பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு மடிப்புகூட விழாமல் வைத்திருக்கிறாள் அவளுடைய பிறப்புச் சான்றிதழை. வாக்காளர் பட்டியலைப் புதிதாக எழுதுகிறார்களாம். இந்த நாட்டுக் குடிமகள்தான் என்று காகிதத்தில் காட்டினால்தான் பெயர் ஏறுமாம். இன்று கடைசி நாள். காலை எட்டு மணியிலிருந்து பதிவு அலுவலக வரிசையில் நிற்கிறோம், அவள் முன்னால், நான் பின்னால்.

என்னிடம் அந்தக் காகிதம் கிடையாது. நான் வீட்டில் பிறந்தவள். அப்போது அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை. மூன்று வருடம் கழித்து இவள் வயிற்றில் இருந்தபோது வேலை கிடைத்துவிட்டது, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதிர்ஷ்டக்காரி என்று பார்த்தவர்களெல்லாம் கொஞ்சினார்கள். அப்படியே வளர்ந்து, பன்னிரண்டாவது வரை படித்து, இன்றைக்கு மருந்துக்கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள், பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடம்தான் எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு தேர்தலுக்கும் பெஞ்சுகளை ஓரங்கட்டி, மேசையைத் துடைத்து, கதவைத் திறந்துவிட்டு, முதல் ஆளாக ஓட்டுப் போடுகிறவள் நான். இவள் ஒரு தடவையாவது போட்டிருக்கிறாளா? தேர்தல் நாளென்றால் பத்து மணி வரை தூக்கம். கேட்டால், "ஒரு ஓட்டுல என்னக்கா ஆகப்போகுது?" என்பாள். இன்றைக்கும் எனக்குத் துணையாகத்தான் கிளம்பினாள், அப்படியே சான்றிதழையும் பையில் போட்டுக்கொண்டு வந்து தனக்கும் ஒரு படிவம் வாங்கிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் அவள் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தார், முத்திரை குத்தினார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அடுத்து. பிறப்புச் சான்றிதழ்?"

"வீட்ல பொறந்தேன் சார்."

"பாஸ்போர்ட்?"

"நான் எங்க சார் போகப்போறேன்? பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் இருக்கு. பழைய ஓட்டர் கார்டு இருக்கு."

"இதுல தேதிதான் இருக்கு, பொறந்த இடம் இல்ல. பழைய கார்டு இப்ப செல்லாதும்மா."

"இத்தனை தேர்தலுக்குச் செல்லுச்சே சார்."

"நானா விதி போட்டேன்?"

சீட்டோடு நகர்ந்துபோன தங்கை திரும்பி வந்து என்னை இடித்துக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டினாள். சான்றிதழை உறையோடு உள்ளே தள்ளி, அடியில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சார், இதைப் படிங்க. 'தாய்க்கு ஏற்கெனவே உயிருடன் பிறந்த குழந்தைகள்: ஒன்று.' அந்த ஒண்ணு இவங்கதான். எங்க அக்கா."

நான் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த வரியை நான் பார்த்ததில்லை. நான் பிறந்ததற்கு உலகத்தில் ஒரே ஒரு அரசாங்க எழுத்து, அதுவும் இவள் காகிதத்தில்! இதிலுமா இவளிடம் கையேந்த வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் ஒப்புக்கொள்ள மாட்டாரா என்றுதான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"பேரு இல்லையே. ஒண்ணுன்னா அது யாரா வேணா இருக்கலாம்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "தள்ளுங்கம்மா, அடுத்து."

வெளியே வந்ததும் தங்கை என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. அதுகூட எனக்கு வரவில்லை.

"அக்கா, நீ யாருக்குப் போடணும்னு சொல்லு. நான் அப்படியே போட்டுட்டு வந்துடுறேன். என் ஓட்ட நீ எடுத்துக்கோ."

கையை உதறினேன். "உன் பழைய புடவை கட்டியிருக்கேன், உன் பழைய போன் வெச்சிருக்கேன். ஓட்டும் உன்னோட பழசுதான் எனக்கா? எனக்கு என்னோடது வேணும்டி. தேர்தல் அன்னைக்கு நீங்கல்லாம் உள்ள போய்ப் போடுவீங்க, நான் பெஞ்ச மட்டும் தூக்கி வெச்சிட்டு வெளிய நிக்கணுமா?"

வாசலில் ஒரு வக்கீலம்மா கத்தைக் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். "கெடைக்காதவங்களும் எழுதலாம், கெடைச்சவங்களும் எழுதலாம். இந்த விதியே வேணாம்னு எழுதிக் குடுங்க, அஞ்சு மணிக்குள்ள மேலதிகாரிகிட்ட சேர்க்கணும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை போய் இரண்டு காகிதம் வாங்கிவந்தாள். சுவரில் சாய்ந்தபடி தன்னுடையதை மளமளவென்று எழுதி முடித்தாள். முத்து முத்தான கையெழுத்து. அதையும் பார்த்தேன், அதற்கும் எரிந்தது.

"குடுக்கா, உன்னோடதும் நானே எழுதிடுறேன். சீக்கிரம் முடியும்."

பேனாவை வாங்கிக்கொண்டேன், காகிதத்தைக் கொடுக்கவில்லை. சுவர் சொரசொரப்பாக இருந்தது, என் எழுத்துக்கு அது ஒத்துவரவில்லை, காகிதத்தில் ஓட்டை விழுந்தது. வேறு இடம் தேடினேன்.

"திரும்பு" என்றேன்.

அவள் திரும்பிக் குனிந்தாள். முதுகில் காகிதத்தை விரித்தேன். பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நான்கு வரிதான் விட்டிருந்தார்கள், என் எழுத்துக்கு அது எப்படிப் போதும், கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் இறங்கியது. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினேன்.

"வலிக்குதுக்கா."

"ஆடாம நில்லு" என்றேன். இன்னும் பாதிகூட எழுதியாகவில்லை.