சொந்த விருப்பத்தின் பேரில்

சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது பிரிசில்லாவுக்கு வயது இருபத்தொன்பது. பிளஸ் டூ முடித்த கையோடு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். தைத்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. முடித்தாள். அதோடு நின்றிருப்பாள். கம்பெனிக்காரர்கள் யூனிட்டை இடம் மாற்றிய வருஷம் நாற்பது பெண்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பி.எஃப். வேலைக்கு என்று சொன்னதால் யாரும் படித்துப் பார்க்கவில்லை. பிறகு வேலை போனதற்கு நியாயம் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி அந்தத் தாளை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று அதில் இருந்தது. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அடுத்த ஜூன் மாதம் பிரிசில்லா சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள்.

மூன்று வருஷப் படிப்பில் முதல் இரண்டு செமஸ்டரும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாள். மூன்றாவதில் சொத்துரிமைச் சட்டம் அவளைப் படுத்தி எடுத்தது. பாடம் முழுக்க ஆங்கிலம். ஒரு வாக்கியம் தொடங்கினால் அடுத்த பக்கத்தில்தான் முடியும். அகமதிப்பீட்டில் முப்பதுக்குப் பதினொன்றுதான் வந்தது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முதல்வர் சென்னியப்பன் ஒன்பது பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஒன்பது பேருமே அந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தவர்கள். மேஜைமேல் ஒன்பது படிவங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவர் கடுமையாக எதுவும் பேசவில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பரீட்சை எழுதித் தோற்றால் மார்க் ஷீட்டில் அது கறுப்புப் புள்ளியாக நிற்கும். இப்போதே பாடத்திலிருந்து விலகிக்கொண்டால் எழுதிய கணக்கிலேயே வராது என்று விளக்கினார். கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரப்போகிற விஷயத்தையும், தேர்ச்சி விகிதம் பார்ப்பார்கள் என்பதையும் அவர் சொல்லவில்லை. அது வராந்தாவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிரிசில்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மைதிலிதான் முதலில் கையெழுத்துப் போட்டாள். அவிநாசிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது. முதல்வர் முன்னால் தலை நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லாதவள். படிவம் கைமாறிப் பிரிசில்லாவிடம் வந்தது. எடுத்த எடுப்பில் முதல் வரியே, எனது சொந்த விருப்பத்தின் பேரில். தேதி போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

அவள் பையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்தாள். சேர்ந்த அன்றைக்குக் கொடுத்தது. வகுப்பில் அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பிரிசில்லா அடிக்கோடு போட்டே படித்து வைத்திருந்தாள்.

"சார், விலகணும்னா தேர்வுக்கு முப்பது நாளைக்கு முன்னாடி விண்ணப்பம் குடுக்கணும்னு போட்டிருக்கு. இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. அதனாலதான் தேதி போடாம வச்சிருக்கீங்களா?"

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்குவாங்க கண்ணு. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றது."

அவள் விடவில்லை. உடம்பு சரியில்லாதது போலத் தக்க காரணம் வேண்டும், அதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும் என்று அடுத்த வரியை வாசித்தாள். தோற்றவர்கள் ஆறு மாதத்தில் மறுபடி எழுதலாம். விலகியவர்களோ அந்தப் பாடம் திரும்ப வரும்வரை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதையும் வாசித்தாள். மற்ற எட்டுப் பேரும் டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்தார்கள்.

பிறகு பேனாவை எடுத்து, அச்சடித்த வரிகளுக்குக் குறுக்கே கோடு போட்டாள். கீழே, எனக்கு விலக விருப்பம் இல்லை, தேர்வு எழுதுகிறேன் என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள். நகலெடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்துத் தரும்படி கேட்டாள். முத்திரை கிடைக்கவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

வீட்டில் அவள் கணவன் அந்தோணிராஜுக்கு இது பிடிக்கவில்லை. அவன் பனியன் கம்பெனியில் துணிக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர்; நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வருகிறவன். படிக்கப் போன இடத்தில் பெரியவர்களோடு மல்லுக்கு நிற்பானேன் என்றான்.

"கையெழுத்தப் போட்டுட்டு அடுத்த வருசம் எழுதேன் பிள்ள. என்ன குறைஞ்சு போகும்?"

"ஒரு தடவ போட்டுக் குறைஞ்சது போதும்" என்றாள்.

நான்காம் நாள் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். அவள் பெயருக்கு வரவில்லை. ஆபீஸில் கேட்டதற்கு, முதல்வர் மேஜையில் இருக்கிறது என்றார்கள். முதல்வர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். பிரிசில்லா தபால் நிலையத்துக்குப் போய்ப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினாள். அதன் நகலை முதல்வர் அறையில் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த பெஞ்சில் சொத்துரிமைப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். வகுப்பு நேரம் போக மூன்று நாளும் அங்கேயே இருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மைதிலி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு தாள். நான் கொடுத்த விலகல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

"இப்படி எழுதுனாச் செல்லுமுங்களா அக்கா?"

"செல்லாதுன்னு புத்தகத்துல எங்கயும் போடல. தேதி போட்டியா?"

போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் அதே மாதிரித் தாளோடு வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. இன்னொருவன் ஊருக்கே போய்விட்டான். அன்று சாயங்காலம் ஆபீஸ் உதவியாளர் ஆறு ஹால் டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

தேர்வில் பிரிசில்லா மூன்று மணி நேரமும் விடாமல் எழுதினாள். அடைமானத்தைப் பற்றிய கேள்வியில் தடுமாறினாலும் ஒரு பக்கத்தையும் வெறுமையாக விடவில்லை.

முடிவு வந்தபோது மைதிலிக்கு ஐம்பத்திரண்டு. பிரிசில்லாவுக்கு நாற்பத்தாறு. ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. மைதிலி அவளுக்காக அழுதாள். பிரிசில்லாவுக்கு அழுகை வரவில்லை என்று சொல்ல முடியாது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வராந்தாவில் சென்னியப்பன் எதிரே வந்தார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

"அன்னைக்கே சொன்னனுங்களே கண்ணு. இப்பப் பாருங்க, மார்க் ஷீட்டுல விழுந்து போச்சு."

"விழட்டுங்க சார். எழுதித் தோத்திருக்கேன். நாப்பத்தாறும் நான் எழுதி வாங்குனது."

அவர் அறைக்குள் போனார்.

அன்றைக்கு அந்தோணிராஜ் மார்க் ஷீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். மறுபடி எப்போது எழுதலாம் என்று மட்டும் கேட்டான். ஏப்ரல் என்றாள். ஏப்ரல் வரைக்கும் சமையல் தன் பொறுப்பு என்றான். அவன் வைக்கிற குழம்பை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் மறுதேர்வு விண்ணப்பம் வாங்க ஆபீஸுக்குப் போனாள். அந்தப் பாடத்துக்கு அன்றைக்கு அவள்தான் முதல் ஆள். எழுத்தர் படிவத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, எல்லாக் கட்டத்தையும் நிரப்பச் சொன்னார். எத்தனையாவது முறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எண்ணால் 2 என்று போட்டாள். பக்கத்தில் எழுத்தாலும் இரண்டு என்று, கட்டத்தை நிறைத்து, பெரிதாக எழுதினாள்.