நீடாமங்கலம் கேட்டில் நின்ற கார்

சிங்காரவேலு மிராசுதாரின் அம்பாசடருக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. காலையில் எடுத்தால் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். மணிக்கணக்கில் நிழலில் கிடந்துவிட்டு எடுத்தாலும் வம்பு பண்ணாது. ஓடிய சூட்டோடு சற்றுநேரம் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் மட்டும் முரண்டு பிடிக்கும். ஸ்டார்ட்டர் கர் கர் என்று சுற்றும், இன்ஜின் பற்றாது. வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

அந்தக் குற்றத்தை மிராசுதார் காரின்மேல் சுமத்தவில்லை. டிரைவர் செல்லதுரையின்மேல் சுமத்தினார். அவன் வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்பது அவர் கட்சி.

அப்படி நினைக்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது. செல்லதுரையின் அக்கா வேம்பு, மிராசுதாரின் இரண்டு ஏக்கரைப் புருஷன் காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்கிறவள். புருஷன் செத்த பிறகும் வயலை விடவில்லை. குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவில் ஏற்றலாம் என்று சட்டம் வந்ததும், யாரையும் கேட்காமல் போய் மனுக் கொடுத்துவிட்டாள். பெயர் ஏறிவிட்டால் அவளை வயலைவிட்டு லேசில் இறக்க முடியாது. மிராசுதாருக்கு வயிறு எரிந்தது. கதரை மடித்து வைத்துவிட்டுக் கரைவேட்டி கட்டிப் பார்த்தார், ஆளும் கட்சிக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், மனு அசையவில்லை. கடைசியில், அவள் குத்தகைக்காரியே இல்லை, நாள்கூலிக்கு நடவு நட்டவள் என்று சாதித்தார்.

இரண்டு பக்கமும் எழுத்து எதுவும் கிடையாது. வாய்ச்சாட்சிதான். கூடப்பிறந்த தம்பியே தாசில்தார் முன்னால் நின்று, அக்கா கூலிக்குத்தான் போனாள் என்று சொல்லிவிட்டால் விசாரணை அன்றைக்கே முடிந்துவிடும். அதைச் சொல்ல வைக்கத்தான் மிராசுதார் அன்று செல்லதுரையை ஓட்டச் சொல்லி, வலங்கைமான் பக்கத்திலிருந்து மன்னார்குடியில் நடக்கும் விசாரணைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

செல்லதுரை ஒப்புக்கொண்டிருந்தான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவன் தெருவில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவன். மற்றவர்கள் முழங்கால் சேற்றில் நிற்க, அவன் வெள்ளைச் சட்டையோடு வரப்போரச் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போவான். அந்தச் சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை, அவ்வளவுதான். விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து வேம்பு அவனோடு பேசுவதில்லை. அவன் வாசலுக்குப் போனால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

வலங்கைமானில் மிராசுதார் இறங்கி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். கார் கிளம்பவில்லை. செல்லதுரை பானெட்டைத் தூக்கிவிட்டு ஆறக் காத்திருந்தான். நிற்கவைத்து வழக்கைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்று மிராசுதார் கேட்டார். அம்மனுக்கு உடைத்த தேங்காய் மூடி கையில் இருக்கும்போதே கேட்டார்.

மன்னார்குடி ஒர்க்‌ஷாப் நெய்னா முகம்மது போன மாதமே நோயைக் கண்டுபிடித்திருந்தார். அதற்கு முன்னால் எல்லாரும் பேட்டரியைச் சந்தேகப்பட்டு மாற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, காயிலும் மாற்றியாயிற்று. நெய்னா முகம்மது கார் மக்கர் பண்ணும் நேரமாகப் பார்த்து வரச் சொன்னார். பிளக் ஒயரை இன்ஜினில் உரசினார், பொறி நன்றாகவே பறந்தது. பெட்ரோல் குழாயைக் கழற்றினார், பெட்ரோலுக்குப் பதில் காற்றும் நுரையும் துப்பியது. பெட்ரோலை இழுக்கிற பம்பு ஓடும்போது காற்று பட்டு ஆறுகிறது, நின்றதும் இன்ஜின் சூட்டில் வெந்துபோகிறது, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது என்றார். அவசரத்துக்குப் பம்பில் ஈரத்துணி போடு, இல்லாவிட்டால் அரைமணி ஆறவிடு. அடியோடு சரியாக வேண்டுமென்றால் பம்புக்கு அடியில் தடித்த பேக்கிங்கும் சூட்டை மறைக்க ஒரு தகடும் போடவேண்டும். தகட்டுக்கெல்லாம் ஒரு செலவா என்று மிராசுதார் எழுந்து வந்துவிட்டார். பழியைச் செல்லதுரையின்மேல் போடுவது அவருக்கு மலிவாக இருந்தது.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைப் போட்டிருந்தார்கள். இன்ஜின் ஒன்று கூட்ஸ் பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. அணைக்காமல் வைத்திருந்தால் நல்லதுங்க என்று செல்லதுரை சொல்லிப் பார்த்தான். பெட்ரோல் என்ன ஆத்துத் தண்ணியா, அணை என்றார் மிராசுதார். அணைத்தான்.

முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து அவசரக்காரர்கள் இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். அங்கே மன்னார்குடி பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. இறங்கியவர்களில் வேம்பும் இருந்தாள், கையில் மஞ்சள் பை. காரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். ரோட்டோரம் காறித் துப்பிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனாள். செல்லதுரைக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது.

கேட் திறந்தது. ஸ்டார்ட்டர் கர் கர் என்றது. பின்னால் ஒரு லாரிக்காரன் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தான்.

"அக்காளும் தம்பியும் பேசி வச்சிக்கிட்டு வந்தீங்களாடா?" என்றார் மிராசுதார்.

"நீங்கதானங்க அணைக்கச் சொன்னீங்க."

எதிர்த்துப் பேசாதே என்றார் அவர். பம்பை நனைக்க வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மேட்டூர் திறக்க இன்னும் நாள் கிடந்தது. சீட்டில் இருந்த கூஜாவிலிருந்து கொஞ்சம் கேட்டான். தான் குடிக்கிற தண்ணீரை இன்ஜினுக்கு ஊற்றவா என்று கூஜாவை மடியில் வைத்துக்கொண்டார். செல்லதுரை டீக்கடைக்கு ஓடினான். கடைக்காரர் காரையும் உள்ளே இருந்தவரையும் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாளியைக் காலால் தள்ளிக் காட்டினார். தோள் துண்டை அதில் நனைத்து வந்து பம்பின்மேல் சுற்றினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது, விரல் சுட்டது. இரண்டு முறை நனைத்துச் சுற்றிய பிறகு கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்து தண்டவாளத்தைத் தாண்டினார்கள். நன்றாகச் சூடேறிக்கொண்டேதான் ஊர்ந்தது கார். மிராசுதாருக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"இன்னிக்குச் சாட்சி முடியட்டும். நாளையிலேருந்து ஒனக்கு இந்தச் சாவி கெடயாது. கூடப் பொறந்தவளுக்கே விசுவாசமா இல்லாதவன், எனக்கா இருக்கப் போற?"

செல்லதுரைக்கு வேலை போனது சுட்டது. அவர் சொன்னது உண்மை என்பது அதைவிடச் சுட்டது. இத்தனை நாள் அவர் திட்டியதெல்லாம் பொய்யாக இருந்ததால் பொறுத்துக்கொண்டான். இந்த ஒன்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மன்னார்குடி பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், காரை ரோட்டோரமாக ஒதுக்கி நிறுத்தினான். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். இறங்கிப் பானெட்டைத் தூக்கி, பம்பில் சுற்றியிருந்த தன் துண்டை உருவினான். அதற்குள் அது காய்ந்து அனலாக இருந்தது. உதறித் தோளில் போட்டுக்கொண்டு மிராசுதாரின் ஜன்னலுக்கு வந்தான்.

"என்னடா இது?"

"சாவி வண்டியிலேயே இருக்குங்க. இத்தன நாளும் அதுவாத்தான் நின்னுது. இன்னிக்குத்தான் நான் நிறுத்தினேன்."

பஸ்ஸில் ஏறினான். வேம்பு பக்கத்து இருக்கையில் மஞ்சள் பையை வைத்திருந்தாள். எடுக்கவில்லை.

"என்ன சொல்றதுக்கு வர்ற?" என்றாள்.

"நீ குத்தகைக்கு ஓட்டுனதச் சொல்றதுக்கு."

"எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லு."

அதற்குமேல் அவள் அவனைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் கிளம்பும்போது பின்னால் ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தம் கேட்டது. வண்டி ஓட்டத் தெரியாத மிராசுதார் முன்சீட்டுக்கு வந்து, விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அப்படி இழுத்தால் பேட்டரியும் போய்விடுங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. செல்லதுரை டிக்கெட் எடுத்தான்.